லிட்டில்டன் சம்சாரத்துக்குப் பென்ஷன் உண்டா?

பாளையங்கோட்டையில பழைய ஆளுங்ககிட்ட "பாப்பாத்தியம்மா கோயில்" எங்கன்னு கேட்டா ஒரு சின்ன சர்ச்சைக் காட்டுவாங்க. வேதக்கோயிலுக்குப் போய் இப்படி ஒரு பேரான்னு வெளியூர்க்காரங்க முழிப்பாங்க. அந்தப் பாப்பாத்தியம்மாதான் கிளாரிந்தா. நம்ம நெல்லைச் சீமைக்காரங்களுக்கு இது புதுக் கதை இல்லை. ஆனா சொல்றவங்க எல்லாரும் ஒண்ணு மதம் மாறின கதையா சொல்வாங்க, இல்லன்னா காதல் கதையா சொல்வாங்க. நான் இதை ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டுப் பென்ஷன் கதையா சொல்லிப் பார்க்கப் போறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க மக்களே :-)

முதல்ல இடத்தைப் பார்த்துடுவோம். 1770கள்ல திருநெல்வேலிச் சீமை ஏட்டளவில் ஆற்காடு நவாப் முகமது அலியோடது. ஆனா தாமிரபரணிக் கரை வயலோட வரியை வசூல் பண்ணித் தர்றது கம்பெனிப் பட்டாளம். வடக்கேயும் கிழக்கேயும் பாளையக்காரர்கள்: நெற்கட்டும்செவல், பாஞ்சாலங்குறிச்சின்னு எப்ப வேணா சண்டை வரலாம். மேற்கே மலையைத் தாண்டினா திருவிதாங்கூர் ராஜ்ஜியம். தூத்துக்குடியில டச்சுக்காரன். இதுக்கு நடுவுல, ஆத்துக்குக் கிழக்குக் கரையில பாளையங்கோட்டைக் கோட்டை. திருநெல்வேலி டவுன் எதிர்க்கரையில. சுலோச்சன முதலியார் பாலம் 1843லதான் வந்தது, அதுவரைக்கும் ஆத்துல வெள்ளம் வந்தா இந்தப் பக்கம் இந்தப் பக்கம்தான். 1801ல கம்பெனி இந்தச் சீமையை முழுசா எடுத்துக்கிற வரைக்கும் கம்பெனியைப் பொறுத்தவரை இது ஒரு எல்லைப்புறம்.

இங்க வேலை பார்த்த கம்பெனி அதிகாரிகள்ல ஒருத்தர் லிட்டில்டன். அவரோட வாழ்ந்தவர் தஞ்சாவூர் பக்கத்து மராட்டியப் பிராமணப் பெண், சின்ன வயசுலயே விதவை. அந்தக் காலத்துல உயர்சாதி விதவைக்கு என்ன வழி இருந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. உடன்கட்டை ஏறுவதை சென்னை மாகாணத்துல தடை செஞ்சதே 1830லதான். விதவை மறுமணச் சட்டம் 1856ல. ரெண்டுமே இவங்க காலத்துக்கு ரொம்பப் பின்னாடி.

சிதையில இருந்து லிட்டில்டன் இவங்களைக் காப்பாத்தினார்னு பலரும் சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்தக் காட்சியைப் பிரபலமாக்கினது அ. மாதவையா 1915ல ஆங்கிலத்துல எழுதின 'கிளாரிந்தா' நாவல். அவரும் நம்ம பெருங்குளத்துக்காரர்தான். நாவலை நாவலா படிக்கலாம், அருமையா இருக்கும். ஆனா மிஷனரி ஷ்வார்ட்ஸ் விட்டுப்போன குறிப்புகள்ல இருந்து நமக்குத் தெரியறது இன்னும் சுருக்கமானது. லிட்டில்டன் அவருக்கு ஆங்கிலமும் கிறிஸ்தவ மதத்தோட அடிப்படைகளும் சொல்லிக்கொடுத்தார். அவர் ஞானஸ்நானம் கேட்டப்ப ஷ்வார்ட்ஸ் மறுத்துட்டார். காரணம், அந்த அதிகாரியோட கல்யாணம் ஆகாம வாழ்றார்ங்கறது. லிட்டில்டன் இறந்த பிறகு, 1778ல ஷ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். அப்ப வெச்ச பேர்தான் கிளாரிந்தா. கூடவே வளர்ப்பு மகன் ஹென்றி லிட்டில்டனுக்கும் ஞானஸ்நானம் ஆச்சு. மகனுக்கு லிட்டில்டன் பேர் வந்துடுச்சு, கவனிச்சீங்களா?

இப்ப பென்ஷனுக்கு வருவோம். அந்தக் காலத்துல கம்பெனிப் பட்டாளத்துல செத்துப்போன ஐரோப்பிய அதிகாரியோட விதவைக்கு ஏதாவது உண்டா? உண்டு. வங்காள நவாப் மீர் ஜாஃபர் சாகும்போது ராபர்ட் கிளைவுக்கு 5 லட்சம் ரூபாய் எழுதி வெச்சார். கம்பெனி வேலையில இருக்கிறவங்க நவாப்கள்கிட்ட அன்பளிப்பு வாங்கக் கூடாதுன்னு அப்பத்தான் விதி வந்திருந்துச்சு. கிளைவ் அந்தப் பணத்தை ஊனமான அதிகாரிகள், சிப்பாய்கள், விதவைகளுக்குன்னு கொடுத்துட்டார். 1770ல அது 'லார்ட் கிளைவ் நிதி' ஆச்சு. வங்காள மக்கள் வரிப்பணம் சுத்திச் சுத்தி மெட்ராஸ் அதிகாரி வீட்டு விதவைக்குப் பென்ஷனா போச்சு!

ஆனா சும்மா கிடைக்காது. இவ்வளவுக்கு மேல சொத்து இல்லைன்னு சத்தியப் பிரமாணம் கொடுக்கணும். விதவையா இருக்கிற வரைக்கும்தான் பணம், மறுபடி கல்யாணம் பண்ணினா நின்னுடும். எல்லாத்துக்கும் மேல, முறைப்படி கல்யாணம் ஆன மனைவியா இருக்கணும்.

கிளாரிந்தா மாட்டிக்கிட்டது அங்கதான். முதல் புருஷன் செத்ததும் சமூகம் அவரை விதவைன்னு சொல்லிச்சு, இன்னொரு கல்யாணம் கூடாதுன்னுச்சு. லிட்டில்டன் செத்ததும் விதவைங்கற அந்தஸ்தே இல்லை. ஒரு இடத்துல வேண்டாம்னாலும் ஒட்டிக்கிட்டு விடாத சொல், இன்னொரு இடத்துல தேவைப்படும்போது கிடைக்கலை. நம்ம பாஷையில சொன்னா, மனைவிங்கறது மேண்டேட்டரி ஃபீல்டு, அவர் ரெக்கார்டுல அது காலி.

கம்பெனி எப்பவுமே இப்படி இருந்ததான்னா, இல்லை. 1687 ஏப்ரல்ல லண்டன் இயக்குநர்கள் மெட்ராஸ் கோட்டைக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. நம்ம சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கிறதை ஊக்குவியுங்க, பிறக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற அன்னைக்குத் தாய்க்கு ஒரு பகோடா கொடுங்கன்னு. (பகோடான்னா திங்குற பகோடா இல்லைங்க, வராகன், தங்கக் காசு.) அப்ப ஐரோப்பாவுல இருந்து பெண்களைக் கூட்டிட்டு வர்றது செலவு. உள்ளூர்ப் பெண் தேவைப்பட்டாள், காசு கொடுத்தாங்க.

நூறு வருஷம் கழிச்சு நிலைமை தலைகீழ். இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்தவங்களைக் கம்பெனியோட சிவில், ராணுவ அதிகாரி வேலைக்கு எடுக்கக் கூடாதுன்னு 1791ல உத்தரவு. 1795ல இன்னும் இறுக்கி, கலப்புக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்குப் பட்டாளத்துல குழல் ஊதுறது, தம்பட்டம் அடிக்கிறது, பேண்டு வாசிக்கிறது, குதிரைக்கு லாடம் அடிக்கிறது, இதுதான் மிச்சம்னு ஆக்கிட்டாங்க. கிளாரிந்தா வாழ்ந்தது கதவு மூடிட்டு இருந்த அந்தக் காலத்துல.

சரி, பட்டாளத்துக் கணக்குல இடமில்லாத அந்தம்மா என்ன பண்ணினார்? இன்னொரு கணக்குல ஏறினார். 1780ல பாளையங்கோட்டை சபையோட முதல் பதிவேடு எழுதப்பட்டுச்சு. மொத்தம் 40 பேர், பல சாதிக்காரங்க. முதல் பேர் கிளாரிந்தா. அப்புறம் சொந்தப் பணமும் அங்க இருந்த ஆங்கிலேயர்கள் கொடுத்த உதவியுமா ஒரு சர்ச் கட்டினார். 1785ல ஷ்வார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை பண்ணினார். ஊரைப் பார்த்துக்க சத்தியநாதன்ங்கற உபதேசியார் வந்தார், 1790ல அவர் குருப்பட்டமும் பெற்றார். பிற்காலத்துல ரேனியஸ் காலத்துல வந்த ஊசிக்கோபுரத்துக்கு (1826) எல்லாம் முன்னாடியே நின்னது இந்தச் சின்னக் கோயில். ஊர்க்காரங்க அதைக் கிளாரிந்தா கோயில்னு சொல்லலை, லிட்டில்டன் கோயில்னும் சொல்லலை. பாப்பாத்தியம்மா கோயில்னாங்க. யாரோட மனைவின்னு கேட்காம வெச்ச பேர் அது ஒண்ணுதான்.

அந்தக் கிளைவ் நிதி என்னாச்சு தெரியுமா? 1858ல கம்பெனி ராஜ்ஜியம் முடிஞ்சதும், பட்டாளமே இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கன்னு கிளைவ் குடும்பத்துத் தரப்பு வழக்குப் போட்டுச்சு. 1863ல பிரபுக்கள் சபை வரைக்கும் போய் ஜெயிச்சும் காட்டிச்சு. வாரிசுன்னு நிரூபிக்கக் காகிதம் இருந்தா, நூறு வருஷம் ஆனாலும் பணம் வரும்!

இதெல்லாம் பழங்கதைன்னு தள்ளிட முடியலை. 1856 மறுமணச் சட்டமே, மறுபடி கல்யாணம் பண்ணிக்கிற பெண்ணுக்கு முதல் கணவன் சொத்துல உரிமை கிடையாதுன்னு சொல்லிச்சு. சுதந்திர இந்தியாவுலயும் பொதுவான விதி, விதவை மறுமணம் செஞ்சா குடும்பப் பென்ஷன் நிக்கும்ங்கறதுதான். ஆறாவது சம்பளக் கமிஷனுக்கு அப்புறம்தான், 2006 ஜனவரியில இருந்து, பிள்ளை இல்லாத விதவை மறுமணம் பண்ணினாலும், மற்ற வருமானம் ஒரு வரம்பைத் தாண்டாத வரைக்கும் பென்ஷன் தொடரும்னு வந்துச்சு. லார்ட் கிளைவ் நிதியில இருந்து எண்ணினா 236 வருஷம். சட்டப்படி கல்யாணம் ஆகாத துணைக்கு இன்னைக்கும் அந்த ஃபீல்டு காலிதான்.

முறைப்படி கல்யாணம் ஆனவங்களுக்கே காகிதம்தான் எமன். நம்ம பக்கத்துல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரங்க இருக்கிற ஊர்கள் இருக்கு. கல்யாணம் ஆனதும் பட்டாளத்துல எழுதிக்கொடுத்த பேர் "இசக்கியம்மாள்", ரேஷன் கார்டுல "எசக்கியம்மாள்", பேங்க் பாஸ்புக்குல வெறும் "இசக்கி"ன்னு இருந்தா, மூணும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்கவே அந்தம்மா அலையணும். புருஷன் போன துக்கம் ஆறுறதுக்குள்ள.

அதனால ஒரு வேலை சொல்றேன். உங்க வீட்ல பட்டாளத்துல இருக்கிற அண்ணனோ, ரிட்டையர் ஆன மாமாவோ சித்தப்பாவோ இருந்தா, டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் ஆர்டரையும் எடுத்துப் பாருங்க. அத்தை பேர், பிறந்த தேதி ரெண்டும் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு எழுத்து எழுத்தா சரி பாருங்க. தப்பு இருந்தா மாமா நல்லா இருக்கும்போதே திருத்திடுங்க. மாவட்டத்துக்கு ஒரு முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, வழி சொல்வாங்க. அரைநாள் வேலைதான். கிளாரிந்தாவுக்கு வாய்க்காத ஒரு வரியை நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்காவது ஒழுங்கா எழுதி வெச்சிடுவோமே.