எகனாமிக்ஸ் முதல் வருஷம்: புத்தகத்தில் நம்ம ஊர் எங்கே?

இந்த எபிசோடை ஒரே ஒரு சொல்லில் இருந்து ஆரம்பிக்கலாம். அந்தச் சொல் 'தேவை'.

தமிழ் மீடியத்தில் பி.ஏ. பொருளியல் சேருகிற ஒருத்தர் முதல் வருஷமே சந்திக்கிற சொல் அது. ஆங்கிலத்தில் டிமாண்ட், சப்ளைன்னு சொல்றதை நம்ம ஊர்ப் பாடப்புத்தகம் 'தேவை', 'அளிப்பு' என்று எழுதும். வீட்டில் நாம பேசுற தமிழில் தேவைன்னா அவசியம். பசிக்கிறவருக்குச் சோறு தேவை, அவ்வளவுதான். ஆனால் பொருளியல் புத்தகம் உடனே ஒரு நிபந்தனை போடும். ஆசை மட்டும் இருந்தால் அது தேவை ஆகாது, வாங்குவதற்குக் காசும் வேணும், அதைச் செலவு பண்ற மனசும் வேணும். அப்படின்னா கையில் காசில்லாதவரின் பசி இந்தக் கணக்கில் 'தேவை'யே கிடையாது! இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களில் இதே டிமாண்டுக்கு 'கேள்வி' என்றும் சப்ளைக்கு 'நிரம்பல்' என்றும் பெயர். அங்கே இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவு.

இந்த இடத்தில் ஒரு மாணவருக்கு ரெண்டு வழி இருக்கு. வரையறையை மனப்பாடம் பண்ணி அஞ்சு மார்க் வாங்கிட்டுப் போகலாம். இல்லைன்னா, "அப்போ எங்க தெருவுல காசில்லாதவங்க எந்தக் கணக்குல வருவாங்க?" என்று கேட்கலாம். இந்த ரெண்டாவது கேள்வியை நம்ம பக்கத்தில் யார் கேட்டாங்க, எப்போ கேட்டாங்க என்பதுதான் இன்றைய கதை.

கதைக்கு இடம் கடலூர் தேவனாம்பட்டினம். சில்வர் பீச் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கடற்கரையை ஒட்டி மீனவர் குடியிருப்பு, பக்கத்திலேயே 1964இல் தொடங்கின அரசு பெரியார் கலைக் கல்லூரி. சுத்துப்பட்டுக் கிராமங்களில் இருந்து பஸ் பிடிச்சு வருகிற, வீட்டிலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதிக்கிற பிள்ளைகள் நிறைய பேருக்கு எகனாமிக்ஸ் அறிமுகமான இடம் அது.

ஆனால் பொருளாதாரம் தேவனாம்பட்டினத்துக்கு 1964இல் வரவில்லை. அதுக்கு ரொம்ப முன்னாடியே பீரங்கியோடு வந்துடுச்சு.

1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த இடத்துக் கோட்டையைச் செஞ்சி மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கியது. அப்போ சென்னையில் கம்பெனி கவர்னர் எலிஹு யேல். கோட்டைக்குப் பெயர் செயின்ட் டேவிட். அந்த ஒப்பந்தத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. கோட்டையில் இருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அந்த எல்லைக்குள் இருக்கும் ஊரெல்லாம் கம்பெனிக்கு. அப்படிச் சேர்ந்த ஊர்களைக் 'குண்டு கிராமங்கள்' என்று சொல்வாங்க. பக்கத்தில் குண்டு உப்பலவாடின்னு ஒரு ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்னைக்கும் இருக்கு. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், 1752 வரைக்கும் இந்தக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே தேவனாம்பட்டினம்தான். 1756இல் இங்கே கவர்னராக வந்தவர் ராபர்ட் கிளைவ். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

ஒரு நிலத்தின் எல்லையை பீரங்கி முடிவு பண்ணுச்சு. முதல் வருஷப் புத்தகத்தில் விலையை முடிவு பண்றது ரெண்டு கோடுகள் வெட்டிக்கிற ஒரு புள்ளி. ரெண்டையும் பக்கத்தில் வச்சுப் பார்த்தால், புத்தகம் எதை விட்டுட்டுப் பேசுதுன்னு புரியும்.

இதே கம்பெனிதான் இந்தியாவை ஆளப் போகிறவர்களுக்கு எகனாமிக்ஸ் வகுப்பும் வைத்தது. இங்கிலாந்தில் கம்பெனி ஒரு கல்லூரி தொடங்கியது. ஹெய்லிபரி கல்லூரின்னு பிறகு பெயர். 1805இல் அங்கே வரலாறும் அரசியல் பொருளாதாரமும் சொல்லித்தர நியமிக்கப்பட்டவர், மக்கள்தொகைக் கோட்பாட்டுக்காக நாம எல்லாரும் ஸ்கூலில் படிச்ச மால்தஸ். 1834இல் இறக்கும் வரை அதே வேலையில் இருந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பாப்'. பாப்புலேஷனில் வருகிற பாப். மீசை அரும்புகிற வயசுப் பசங்க, இன்னும் சில வருஷத்தில் தென்னாற்காட்டிலோ தஞ்சாவூரிலோ வரி வசூல் பண்ணப் போறவங்க. அவங்களுக்கு அவர் ஆடம் ஸ்மித்தின் 1776ஆம் வருஷப் புத்தகத்தை வைத்து நடத்தினார். அந்தப் புத்தகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை ஸ்மித் வெளுத்து வாங்கியிருப்பார் என்பது தனிக்கதை. சம்பளம் கொடுக்கிற கம்பெனியைத் திட்டுகிற புத்தகமே பாடப்புத்தகம்!

அதாவது, நம்ம ஊரைப் பற்றி முடிவெடுக்கப் போகிறவர்கள் படித்த முதல் எகனாமிக்ஸ் வகுப்பு நம்ம ஊரில் நடக்கவில்லை, நம்ம ஆட்களுக்காகவும் நடக்கவில்லை.

பிறகு 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. நம்ம மாணவர்களும் இந்தப் பாடத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள், ஆனால் இங்கிலாந்துப் புத்தகங்களை வைத்து. அந்தப் புத்தகத்தில் வருகிற தொழிலாளி கூலி பிடிக்கலைன்னா வேற முதலாளிகிட்ட போயிடுவார். விவசாயி எங்கே லாபமோ அங்கே முதலீட்டை மாற்றுவார். இதை வெளிப்படையாகக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் மகாதேவ கோவிந்த ரானடே. 1892இல் புனேவின் டெக்கான் கல்லூரியில் பேசும்போது, இங்கிலாந்துப் பொருளாதாரம் எதையெல்லாம் சாதாரணம் என்று எடுத்துக்கொள்கிறதோ அதெல்லாம் இந்தியாவில் சாதாரணம் கிடையாது என்று விளக்கினார். சாதியும் கூட்டுக் குடும்பமும் வழக்கமும் ஆட்டிப்படைக்கிற இடத்தில், தனி மனிதன் தன் லாபத்தைப் பார்த்து ஓடுவான் என்று எப்படி ஆரம்பிப்பது?

கேள்வி வந்தாச்சு. வகுப்பறையில் அதுக்கு என்ன பண்றது? இங்கேதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் வருகிறார்.

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். அதற்கு முன்னால் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்துக் கிராமங்களில் பொது நிலங்களை வேலி போட்டு வளைத்ததைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். கிராமத்தைத் தெரிஞ்சுக்காமல் ஒரு நாட்டின் பொருளாதாரத்தைப் பேச முடியாது என்பது அவர் நிலைப்பாடு. ஆனால் நம்ம கிராமங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? தெரிந்தவர்கள் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணினார். 1916இல் மாணவர்களிடம் அதைக் கொடுத்து, லீவுக்கு ஊருக்குப் போய் விசாரித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நிலம் யார்கிட்ட இருக்கு? கூலி எவ்வளவு, நெல்லா காசா? யார் யாருக்குக் கடன், என்ன வட்டி? என்ன சாப்பிடுறாங்க? பரீட்சையில் வழக்கமாக வாத்தியாருக்குப் பதில் தெரிஞ்சிருக்கும், மாணவர் கண்டுபிடிக்கணும். இங்கே வாத்தியாருக்கே பதில் தெரியாது. எழுதியவை 1918இல் புத்தகமாக வந்தன. தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, ராமநாதபுரத்து வடமலைபுரம், திருநெல்வேலி கங்கைகொண்டான், வட ஆற்காட்டுத் தூசி என்று பல ஊர்கள். அதில் ஒன்று தென்னாற்காடு மாவட்டத்து இருவேல்பட்டு. அப்போ அந்த மாவட்டத்தின் தலைநகரம் நம்ம கடலூர். 1993இல் மாவட்டம் பிரிந்த பிறகு இருவேல்பட்டு விழுப்புரம் பக்கம் போனது.

அந்தக் கிராமத்தில் ஒரு ரெட்டியார் நிலவுடைமைக் குடும்பத்தின் கைதான் ஓங்கி இருந்தது. நிலமில்லாதவர்களில் பலர் படியாட்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ ஒரு தொகை கடன் வாங்குவாங்க. அதை அடைக்கிற வரைக்கும் அந்த ஒரு பண்ணையில்தான் வேலை, கூலி நெல்லாகப் படி அளப்பாங்க. கடன் அடையவே அடையாது. 'கூலி பிடிக்கலைன்னா வேற முதலாளி' என்கிற புத்தக வரியை இந்தப் படியாளுக்குப் பொருத்திப் பாருங்க. பொருந்தாது. அவர் வயிற்றுக்குத் தேவை உண்டு, சந்தையில் அவருக்குத் 'தேவை' கிடையாது. அந்த இடைவெளியை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவர்கள் காலேஜ் பசங்க.

ஒரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. 1916இல் காலேஜ் போக முடிந்தவர்கள் யார்? பெரும்பாலும் வசதியான, மேல்சாதி வீட்டு ஆண்கள். படியாளின் மகன் அந்த வகுப்பில் இல்லை. படியாளைப் பற்றி எழுதினது, படி அளக்கிற பக்கத்துக்கு நெருக்கமான வீட்டுப் பிள்ளைகள். தரவு எடுக்கிறவர் யார் என்பதும் தரவின் பகுதிதான். நான் சாப்ட்வேர் வேலையில் தினமும் பார்க்கிற விஷயம் இது.

அந்தக் கிராமங்களுக்கு 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு நடத்தி 1940இல் வெளியிட்டார்கள். இருவேல்பட்டுக்கு 1980களின் தொடக்கத்தில் எஸ். குஹனும் அமெரிக்க மானுடவியலாளர் ஜோன் மென்ஷரும் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனார்கள். இந்தக் கடைசி ஆய்வு காட்டிய ஊர் வேற மாதிரி இருந்தது. நிலவுடைமைக் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. வெளியூர் வேலை, ரேஷன் அரிசி எல்லாம் வந்ததில் கூலிக்காரர்கள் ஒரே பண்ணையை நம்பிக் கிடக்க வேண்டிய நிலை மாறியிருந்தது. ஒரு கிராமத்தின் கிட்டத்தட்ட நூறு வருஷத்தை நாம தொடர்ந்து பார்க்க முடியுதுன்னா, அதற்கு முதல் புள்ளி ஒரு வகுப்பின் லீவு அசைன்மென்ட்.

கடலூரில் இருந்து தெற்கே போனால் சிதம்பரம். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அங்கே தொடங்கியது. அங்கே பொருளாதாரப் பேராசிரியராக இருந்த பி.வி. நாராயணசாமி நாயுடுவும் இதே பாணியில் சுற்றியிருந்ததைப் பார்த்தார். 1938இல் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே அதைப் பற்றிய ஆய்வைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1946இல் அவர் அரசுக்காக மாகாணம் முழுக்கக் கிராமக் கடன் கணக்கெடுத்தார். யுத்த காலத்தில் விளைபொருள் விலை ஏறியிருந்தது. விலை ஏறினால் விவசாயிக்கு லாபம், கடன் குறையணும் இல்லையா? பெரிய நிலக்காரர்களுக்குக் குறைந்தது. நிலமில்லாக் கூலிக்காரர்களுக்குக் கடன் ஏறியிருந்தது. விற்கிறவருக்கு விலையேற்றம் வருமானம், வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு அதே விலையேற்றம் கடன். 'விவசாயி' என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடைத்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

1960களில் தமிழ் மீடியம் கல்லூரிக்குள் வந்தது. தேவனாம்பட்டினம் போன்ற இடங்களில் அரசுக் கல்லூரிகள் வந்தன. 1916இல் வகுப்புக்கு வெளியே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். இது சின்ன மாற்றம் கிடையாது. ஆனால் பாடம்? 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி', 'சமநோக்கு வளைகோடு' என்று மூச்சு வாங்குகிற சொற்கள். உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஆப்பிள், ஆரஞ்சு. ஜன்னலுக்கு வெளியே கடற்கரையில் வலையில் மீன் வந்து இறங்குது. வரத்து அதிகமானால் விலை எப்படிச் சரியுது, ஐஸ் இல்லாதவர் ஏன் கேட்ட விலைக்குக் கொடுத்துட்டுப் போறார், முன்பணம் வாங்கினவர் யாருக்கு விற்கணும் என்கிற எல்லாமே அங்கே இருக்கு. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அது அத்துப்படி. பரீட்சையில் அதைக் கேட்பதுதான் இல்லை.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது இதுதான். கேள்வித்தாளோடு ஊருக்குப் போகச் சொன்ன காலத்தில், ஊரின் அடித்தட்டைத் தெரிந்தவர் வகுப்பில் இல்லை. அவர்கள் வகுப்புக்கு வந்தபோது கேள்வித்தாள் போய், கைடு வந்துவிட்டது.

பாடத்தைக் குறை சொல்லி முடிக்க நான் விரும்பவில்லை. தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி, வாய்ப்புச் செலவு எல்லாம் நல்ல கருவிகள். மீன் விலையைப் புரிந்துகொள்ளவே அவை வேணும். கருவியை நம்ம ஊர் மேல் வைத்துப் பார்க்கிற பயிற்சிதான் முதல் வருஷத்தில் நடக்கணும். அதற்குப் பெரிய நிதியோ ஆராய்ச்சி நிலையமோ தேவைப்படாது என்பதற்கு 1916 சாட்சி. இதைக் கேட்கிறவர்களில் யாராவது இப்போ பொருளியல் முதல் வருஷம் படிக்கிறீங்கன்னா, அடுத்த லீவுக்கு ஒரு நோட்டு எடுத்துக்கோங்க. உங்க தெருவில் பத்து வீடு. யார் என்ன வேலை, என்ன கூலி, யாருக்கு எவ்வளவு கடன், எங்கே வாங்கினாங்க. ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி வையுங்க. ஆட்களின் பெயர் வேண்டாம், அது அவங்க விஷயம். பத்து வருஷம் கழித்து அதே தெருவுக்கு இன்னொருத்தர் நோட்டோடு வரும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு உங்க நோட்டு இருக்கும்.