நுரையீரலைத் துரத்திய கிராபிக்ஸ் கார்டு

சுபாங் ஜெயாவின் எஸ்எஸ் 15 சைபர் கஃபேக்களில் கல்லூரிப் பிள்ளைகளை விடிய விடிய கேம்ஸ் ஆட வைத்தது கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டு புற்றுநோய்ச் சிகிச்சைக்குள் நுழைந்த கதை நம் ஊரில் அதிகம் பேசப்படவில்லை.

நுரையீரல் கட்டிக்குக் கதிர் பாய்ச்சுமுன் சிடி ஸ்கேன் எடுத்துத் திட்டம் வகுப்பார்கள். சிகிச்சை நடக்கும் நாளில் உடல் அப்படியே இருக்காது. மூச்சில் நுரையீரல் விரியும். வாரங்கள் போகப் போகக் கட்டி சுருங்கும், ஆள் மெலிவார். பழைய படத்தின் ஒவ்வொரு புள்ளியும் புதிய படத்தில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் கதிர் கட்டியில் விழும், நல்ல திசு தப்பும். 512-க்கு 512 புள்ளிகளில் 100 அடுக்குகள் என்றாலே 2.6 கோடிப் புள்ளிகள். நகர்த்தி, ஒப்பிட்டு, திருத்தி, மறுபடி நகர்த்த வேண்டும்.

இதற்கான கணித வழிகள் 1990களிலேயே வந்துவிட்டன. வேகம்தான் இல்லை. 1996-இல் கேரி கிறிஸ்டென்சன் குழுவினர் மூளைப் படங்களைப் பொருத்த, 16,384 செயலிகள் ஒன்றாக இயங்கும் மாஸ்பார் கணினியை நாடினார்கள். எத்தனை மருத்துவமனைகளால் அப்படியொன்றை வாங்க முடியும்?

திருப்பம் 2007-இல். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் கிரெகரி ஷார்ப்பும் பிலடெல்பியா டிரெக்செல் பல்கலைக்கழகத்தின் நாகராஜன் கந்தசாமியும் சகாக்களோடு சேர்ந்து, கடையில் கிடைக்கும் என்விடியா 8800 கார்டில் பதப்படுத்திய பன்றி நுரையீரலின் சிடி படங்களைப் பொருத்திப் பார்த்தார்கள். சாதாரணச் செயலியைவிட 70 மடங்கு வரை வேகம்! அவர்கள் எடுத்துக்கொண்டது ‘டெமன்ஸ்’ என்னும் முறை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தன்னிடத்து வெளிச்ச வேறுபாட்டைப் பார்த்துத் தன் நகர்வைத் தானே கணக்கிடும். ஒரே வேலையை ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் செய்யப் பிறந்த கார்டுக்கு அது வாகாக அமைந்தது.

பி-ஸ்ப்ளைன் என்னும் இன்னொரு முறை அவ்வளவு எளிதாக வசப்படவில்லை. அதில் ஒவ்வொரு புள்ளியின் நகர்வையும் சுற்றியுள்ள 64 கட்டுப்பாட்டுப் புள்ளிகள் தீர்மானிக்கின்றன. கார்டில் ஒரே நேரத்தில் ஓடும் பல கணக்கு இழைகள் ஒரே கட்டுப்பாட்டுப் புள்ளியின் கணக்கில் ஒரே நொடியில் எழுதப் போனால் முட்டிக்கொள்ளும். 2010-இல் ஜேம்ஸ் ஷேக்கல்ஃபோர்டு ஷார்ப், கந்தசாமி இருவரோடும் சேர்ந்து வழி கண்டார்: கட்டுப்பாட்டு வலையைப் படத்தின் புள்ளிகளோடு நேராக அமைத்து, படத்தைச் சமமான கட்டங்களாகப் பிரித்தார்கள். எந்தக் கட்டுப்பாட்டுப் புள்ளிக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் எடைகள் எல்லாக் கட்டங்களுக்கும் ஒன்றே. அவற்றை ஒருமுறை கணக்கிட்டு அட்டவணையில் வைத்தால் போதும். கட்டத்துக்குக் கட்டம் தனியாகக் கூட்டிக் கடைசியில் சேர்க்கலாம். கணக்கையே இப்படிக் கலைத்து அடுக்கிய உழைப்புதான், கார்டின் வேகத்தைவிட, எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அதே ஆண்டு லண்டனில் மார்க் மோடாவும் இதே வகை முறையைக் கார்டுக்கேற்ப மாற்றி, மூளையின் எம்ஆர்ஐ படங்களை ஒரு நிமிடத்துக்குள் பொருத்திக் காட்டினார்.

ஷார்ப் குழுவின் ‘பிளாஸ்டிமேட்ச்’ மென்பொருளுக்குக் கட்டணம் கிடையாது, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. பண்டார் சன்வேயில் படிக்கும் பிள்ளை ஒருவர், கேம்ஸ் ஆடும் கணினியிலேயே அதை இன்றிரவு ஓட்டிப் பார்க்கலாம்.