சராசரியில் சேராத நாட்கள்

சர்வர் ஓடாத நிமிஷங்களை எண்ணுவது என் வேலையில் ஒரு பகுதி. மின் விநியோகத்திலும் இதே கணக்குதான். ஒரு வருஷத்தில் எல்லா நுகர்வோரும் இருட்டில் கிடந்த நிமிஷங்களைக் கூட்டி, நுகர்வோர் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது சைடி என்ற குறியீடு.

ஒரே ஒரு புயல் போதும், இந்தச் சராசரி எகிறிவிடும். அன்றாடப் பராமரிப்பின் லட்சணம் அதில் மறைந்துபோகும். அதனால் 2003-இல் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு தன் 1366 தரநிலையில் ஒரு வழி சொன்னது: வழக்கத்தை மீறிய நாட்களைப் புள்ளியியலால் பிரித்தெடுத்துத் தனியாக ஆராயுங்கள். நியாயம்தான். நானும் அப்படி நாட்களைப் பிரித்து வைத்திருக்கிறேன். ரிப்போர்ட் அழகாகிவிடும்; பிரித்ததைத் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்படி மீறிய ஒரு நாள், 2017 செப்டம்பர் 20. மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவு முழுவதையும் இருட்டாக்கியது. கடைசி வீடுகளுக்குக் கரன்ட் வர ஏறத்தாழ 11 மாதம் ஆனது. 64 பேர் என்றிருந்த சாவுக் கணக்கை அரசு மறுவருஷம் 2,975 ஆகத் திருத்தியது. எல்லாமே இருட்டால் நேர்ந்தவை அல்ல. ஆனால் கரன்ட் இல்லாமல் நின்றுபோன டயாலிசிஸ் மெஷின்களும் ஆக்சிஜன் மெஷின்களும் அந்தக் கதையில் உண்டு.

நாட்களைப் பிரிக்கட்டும். பிரித்ததையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும். என் அடுத்த ரிப்போர்ட்டை அப்படித்தான் எழுதப்போகிறேன்.