மருத்துவக் கல்லூரிக்கு முன் ஒரு கல்லூரி

நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவம் பயின்று தேறிய பிறகுதான், மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்கான தகுதியைத் தேடத் தொடங்கினார். கல்கத்தாவின் சியால்தாவில், பின்னாளில் கேம்ப்பெல் மருத்துவப் பள்ளி என்று அறியப்பட்ட நிறுவனத்தில் அவர் வங்காள மொழியில் மருத்துவம் கற்றிருந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் பட்டப் படிப்புக்கு அச்சான்றிதழ் போதவில்லை. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்து, அதன் பின்னரே அவர் அங்கு நுழைந்தார். மருத்துவம் அறிந்த ஒருவர் மருத்துவம் கற்பதற்காகக் கலைக்கல்லூரிக்குச் செல்ல நேர்ந்தது எவ்வாறு?

இந்நிபந்தனை தொடக்கத்தில் இருந்ததன்று. 1822இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட இந்தியர்களுக்கான மருத்துவப் பள்ளி இந்திய மொழிகளிலேயே கற்பித்தது. 1835 ஜனவரியில் பெண்டிங்க் பிரபுவின் ஆணை அதை மூடியது. சமஸ்கிருதக் கல்லூரியிலும் மதரசாவிலும் நடந்த மருத்துவ வகுப்புகளையும் நிறுத்தியது. ஆங்கில வழியில் மருத்துவக் கல்லூரியை உருவாக்கியது. அப்போது மாணவரிடம் கேட்கப்பட்டவற்றில் இவை இருந்தன: 14 முதல் 20 வரையிலான வயது, ஆங்கிலத்தோடு வங்காளமோ இந்துஸ்தானியோ எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல். முன்தகுதி என்பது அன்று மொழியறிவாகவே இருந்தது.

1857இல் கல்கத்தா பல்கலைக்கழகம் தோன்றியபின் அம்மொழியறிவு தேர்வுச் சான்றிதழாக உருமாறியது. நுழைவுத் தேர்வுக்குப் பின் இரண்டாண்டு கல்லூரியில் பயின்று எழுத வேண்டிய எஃப்.ஏ. தேர்வு மருத்துவப் பட்டத்தின் முன்வாயிலாயிற்று. அத்தேர்வில் ஆங்கிலமும் கணிதமும் வரலாறும் தருக்கமும் இருந்தன. உடலைப் பற்றிய பாடத்துக்கு அதில் முக்கிய இடமில்லை. எனினும் மருத்துவக் கல்லூரியின் விரிவுரையை ஆங்கிலத்தில் பின்தொடர வல்லவர் யார் என்பதை அது நன்கு பிரித்துக் காட்டியது. இன்னொரு பக்கம், 1873இல் அமைந்த சியால்தா பள்ளி கல்லூரிப் படிப்பைக் கோரவில்லை. ஆனால் அங்குத் தேறியவர் அரசுப் பணியில் கீழ்ப்படியிலேயே நின்றார். நோயும் நோயாளியும் ஒன்றே. பயின்ற மொழிக்கேற்ப மருத்துவரின் தரம் இரண்டாயிற்று.

பெண்களிடம் இவ்வாயில் கூடுதல் கடுமை காட்டியது. 1882இல் அபலா தாஸ் மருத்துவம் பயிலச் சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875 முதலே பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது, கல்கத்தா மறுத்துவந்தது. 1883இல் கல்லூரி அவையின் எதிர்ப்பை மீறி வங்காள அரசு அவ்வாயிலைத் திறந்தது. பெத்யூன் கல்லூரியில் பி.ஏ. முடித்த காதம்பினி கங்குலி உள்ளே சென்றார். அவரிடம் முன்கல்வி போதாது என்று எவரும் கூற இயலவில்லை. ஆயினும் 1886இல் அவருக்குக் கிடைத்தது எம்.பி. பட்டமன்று, கல்லூரியின் சான்றிதழே. 1893இல் பிரிட்டன் சென்று எடின்பரோ, கிளாஸ்கோ உரிமங்களைப் பெற்றே அவர் திரும்பினார்.

ஹைமவதி சென்னுக்குக் கல்லூரிப் படிப்பே வாய்க்கவில்லை. குழந்தை விதவையான அவர் கேம்ப்பெல் பள்ளியில் வங்காள வழியில் பயின்றார். இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றபோது, தங்கப் பதக்கம் ஒரு பெண்ணுக்குச் செல்வதை எதிர்த்து ஆண் மாணவர்கள் கிளர்ந்தனர். அவர் வெள்ளிப் பதக்கத்தோடு அமைய நேர்ந்தது. பின்னர் ஹூக்ளியில் பெண்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றினார். எஃப்.ஏ. மட்டுமே ஒரே வழியாக இருந்திருந்தால் வங்காளத்துக்கு இம்மருத்துவர் கிடைத்திருக்கமாட்டார்.

1946இல் போர் குழு, நாட்டுக்கு ஒரே தரத்து மருத்துவர் போதும் என்று பரிந்துரைத்தது. உரிமப் படிப்புப் பள்ளிகள் கல்லூரிகளாக உயர்த்தப்பட்டன அல்லது மறைந்தன. இரண்டு தரங்கள் என்னும் அநீதி அதனால் நீங்கியது. கல்லூரி காணாதோர் ஏறிவந்த படியும் அதனோடு நீங்கியது. கேம்ப்பெல் பள்ளியும் கல்லூரியாகி, 1950 முதல் நீல்ரத்தன் சர்க்காரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2022இல் போபாலில் இந்தி வழி எம்.பி.பி.எஸ். பாடநூல்கள் வெளியிடப்பட்டன. தாய்மொழி வழி மருத்துவக் கல்வியைப் பற்றி இன்று விவாதிப்போர் சியால்தாவை நினைவிற்கொள்வது நலம். அங்கு வங்காள மொழி மருத்துவத்தைக் கற்பிக்கத் தவறவில்லை. அம்மொழியில் கற்றவருக்குச் சமமான பட்டமும் பதவியும் வழங்கப்படவில்லை என்பதே அங்கு நேர்ந்த குறை. பாடநூலை மொழிபெயர்ப்பது எளிது. வாயிலில் என்ன கேட்கப்படுகிறது, வெளியேறும்போது என்ன தரப்படுகிறது என்பவற்றை மாற்றுவதே கடினம்.