யார் கையில் எந்தக் கலம்?

ஆஸ்திரியாவின் கிளவுஸ் ரீடல் 1973இல் ஒவ்வொரு வகை ஒயினுக்கும் தனி வடிவத்தில் கண்ணாடிக் கோப்பைகள் கொண்டுவந்தார். மணம் தங்க அகன்ற வயிறு, குறுகிய வாய். பானத்தைப் பார்த்துக் கலம்.

நம் பிரதிகளில் குடிக்கிறவரைப் பார்த்துத்தான் கலம். புறநானூறு 56இல் யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் குடிக்கிறான். (1945இல் அரிக்கமேட்டில் வீலர் தோண்டியெடுத்தது, மது வந்திறங்கிய ஆம்போராக்களின் மண்ணோடுகளை.)

ராஜாவுக்குப் பொன், சரி. என்னை நிறுத்தியது பொருநராற்றுப்படை. பேன் குடியேறிய கந்தலோடு வந்த பொருநனுக்கும் கரிகாலன் அரண்மனையில் பொற்கலம் நிறைய நிறைய ஊற்றுகிறார்கள். அப்புறம் வேகவைத்த, சுட்ட இறைச்சி. இதைக் காட்டிச் சாதியற்ற பொற்காலம் என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கலம் அரசனுடையது, பாடினால்தான் கைக்கு வரும். ஆனாலும் பொருநன் வாய்பட்ட கலம் தீட்டு என்கிற பேச்சே அங்கே இல்லை.

பின்னால் வந்த கதை வேறு. மதுவை விடுங்கள், வெறும் டீக்கே தமிழகக் கிராமத்துக் கடைகளில் தலித்துகளுக்குச் சிரட்டை அல்லது தனி கிளாஸ். ஒரே பாய்லர், ஒரே டீ. குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகணும். இரட்டைக் குவளையை எதிர்த்துப் போராட்டம் நடந்த பிறகு சில ஊர்களில் கடைக்காரர் தந்திரமாக மாறினார்: மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், தலித்துக்கு மட்டும் தூக்கியெறிகிற கப்.