எண்ணூர்க் கழிமுகம்: ஓர் உல்லாசக் கரையின் வரலாறு

கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் எண்ணூர்க் கழிமுகம், இன்று அனல்மின் நிலையங்களாலும் துறைமுகத்தாலும் அறியப்பட்டாலும், பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் சென்னை ஐரோப்பியர் ஓய்வுநாள்களில் நாடிச் சென்ற உல்லாசக் கரையாக விளங்கியது. செயற்கைத் துறைமுகம் எழும் முன்னர், சென்னைக் கரையில் அலைமோதல் கடுமையாக இருந்ததால், ஆணி அடிக்காமல் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில்தான் கப்பல் பயணிகள் கரையேற முடிந்தது. அத்தகைய கடலில் இயலாத படகு உலாவுக்கும் மீன்பிடிப்புக்கும், மணல்திட்டின் பின்னே அடங்கிக் கிடந்த எண்ணூரின் உவர்நீர்ப் பரப்பு இடமளித்தது.

பேசில் காக்ரேன் என்ற வணிகரின் முதலீட்டில் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டு அவர் பெயராலேயே வழங்கிய கால்வாய், விறகும் உப்பும் நகருக்கு வந்துசேரும் நீர்வழியாகப் பயன்பட்டதுடன், பின்னர் பழவேற்காடு நோக்கி நீட்டிக்கப்பட்டு, 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக மேலும் விரிவாக்கப்பட்டபின், ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது.

விடுதலைக்குப் பின்னர் ஆலைகள் பெருகி, 1970இல் அனல்மின் நிலையமும் 2001இல் துறைமுகமும் செயற்படத் தொடங்கிய நிலையில், நிலக்கரிச் சாம்பல் படிந்து கழிமுகத்தின் ஆழம் குறைந்ததால், மீனவரின் வாழ்வாதாரமே நலிவுற்றது. நகரத்தாரின் படகு உலா தெற்கே முட்டுக்காட்டுக்கு இடம்பெயர்ந்ததையும் வடகரை தொழிற்களமாக மாறியதையும், சென்னைக் கடற்கரையின் பயன்பாடு வடக்கு, தெற்கு எனப் பிரிந்த ஒரே வரலாற்றின் இரு கூறுகளாகக் கொள்வதே பொருத்தமாகும்.