மருந்தும் மலைப்பாதையும்



ஊவா மாகாணம் 1886ஆம் ஆண்டில் தனி மாகாணமாக அமைக்கப்பெற்றது. பதுளை அதன் தலைநகராயிற்று. கோப்பி அழிந்து, ஹப்புத்தளை முதல் மடுல்சீமை வரையுள்ள சரிவுகளில் தேயிலை பரவிய காலம் அது. 1894ஆம் ஆண்டிற் பண்டாரவளைக்கு வந்த புகையிரதம் பதுளையைச் சேர்வதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. மலைநாட்டுக்கு எதுவும் எளிதில் வந்துவிடுவதில்லை. மருந்தும் அவ்வாறே.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டில் அது புதுப்பிக்கப்பட்டது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறநிலையத்தார் மாத்தளைத் தோட்டங்களிற் கொளுக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கினர். மருந்துண்டவர் உடலினின்றும் புழு நீங்கியது. ஆயினும், மலசலகூட வசதியற்ற மண்ணில் வெறுங்காலுடன் நடந்தவரை அப்புழு மீண்டும் பற்றிக்கொண்டது. மருந்து நல்லதாயிருந்தும், அதனைத் தாங்கும் ஏற்பாடு இல்லாவிடின் பயன் நிலையாது என்பதே தோட்டங்கள் அன்று கற்ற பாடம்.

அப்பாடத்தை இன்று நினைவூட்டுவது நுரையீரற் புற்றுநோய்க்கு வந்துள்ள ஒரு புதிய சிகிச்சையாகும். உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயை வெல்லலாம் என்னும் எண்ணம் பழையது. நியூயோர்க் நகரத்துச் சத்திர வைத்தியர் வில்லியம் கோலி, 1891ஆம் ஆண்டிலேயே கிருமிகளை ஊசிமூலம் செலுத்தி அச்சக்தியைத் தூண்ட முயன்றார். பலன் உறுதியாக அமையாமையால், கதிர்ச் சிகிச்சையின் வளர்ச்சியில் அம்முயற்சி மங்கியது.

நூறு ஆண்டுகளின் பின் உண்மை துலங்கியது. உடலைக் காக்கும் வெண்குருதிக் கலங்கள் எல்லை மீறாதிருக்க இயற்கை அவற்றுக்குக் கடிவாளங்களை அமைத்துள்ளது. புற்றுநோய்க் கலம் தந்திரமாக அக்கடிவாளத்தைப் பற்றி இழுத்துக் காவலரை நிறுத்திவிடுகிறது. அத்தகைய கடிவாளம் ஒன்றை ஜப்பானின் கியோத்தோ நகரில் தசுக்கு ஹொஞ்சோ குழுவினர் 1992ஆம் ஆண்டிற் கண்டறிந்தனர். வேறொரு கடிவாளத்தைத் தளர்த்தினால் எலிகளிற் கட்டிகள் கரைவதை அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசன் 1996ஆம் ஆண்டிற் காட்டினார். இருவரும் 2018ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

முதலில் இம்மருந்துகள் இரசாயனச் சிகிச்சை தோற்ற பின்னரே நுரையீரல் நோயாளருக்குக் கொடுக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இந்த ஒழுங்கை மாற்றியது. முற்றிய நோயுடையவர்களில், கடிவாளத்தைப் பற்றும் புரதம் பாதிக்கு மேற்பட்ட புற்றுக் கலங்களிற் காணப்பட்ட 305 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்தையும், மற்றப் பிரிவினர் இரசாயனச் சிகிச்சையையும் முதற் சிகிச்சையாகப் பெற்றனர். ஐந்தாண்டுகளின் பின் முதற் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேரும், மற்றதில் 16 பேரும் உயிர்வாழ்ந்தனர். இரண்டாம் பிரிவினரிற் பலர் பின்னர் அதே வகை மருந்தைப் பெற்றிருந்தும் இவ்வேறுபாடு நீங்கவில்லை. எதை முதலிற் கொடுப்பது என்பது எத்துணை முக்கியமானது என்பதை இது உணர்த்துகிறது. அப்புரதம் குறைந்தவர்களுக்கும் இரசாயனச் சிகிச்சையுடன் இதனைச் சேர்த்தளித்தல் பயன்தரும் என்பது 2018ஆம் ஆண்டில் அறியப்பட்டது.

எனினும் இது எல்லார்க்கும் ஏற்ற மருந்தன்று. சில மரபணு மாற்றங்கள் உள்ளோர்க்கு அவற்றுக்குரிய மாத்திரைகளே முதலில் உகந்தவை. கடிவாளம் தளர்ந்த காவலர் சிலவேளை நோயாளியின் நுரையீரலையும் குடலையும் சுரப்பிகளையுமே தாக்குவதுண்டு. ஆதலால் கட்டியின் சிறு துண்டைச் சோதித்தலும், இடைவிடாத வைத்தியக் கண்காணிப்பும் இன்றியமையாதவை. விலையோ மிகப் பெரிது.

இனி லயத்து வாசலுக்கு வருவோம். புகையிலையே இந்நோயின் தலையாய காரணம். புகைபோக்கியற்ற காம்பராவில் எரியும் விறகின் புகையும் ஐயத்துக்குரியதே. இருமல் வந்தவர் அதனைப் பனிக்குளிரின் குற்றமென எண்ணுவார். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாட் பேர் போய்விடுமென அஞ்சுவார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றவேண்டிய மருந்துக்கு எத்தனை பேரை இழப்பது? கொழும்புவரை போகவேண்டி நேரின் புகையிரதப் பாதை மட்டுமே 290 கிலோமீற்றருக்கு மேற்பட்டது.

மூன்று வாரம் கடந்தும் நீங்காத இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை தோன்றின் காலந்தாழ்த்தாது வைத்தியரை நாடுதல் வேண்டும். சளியிற் காசநோய்க் கிருமி இல்லையெனத் தெரிந்ததும் திரும்பிவிடாது, இருமலின் காரணம் அறியும்வரை தொடர்ந்து சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். சோதனை தோட்டத்துக்கு அண்மையிற் கிடைப்பதும், சிகிச்சைக்குச் சென்ற நாளின் கூலி குறையாதிருப்பதும் பொறுப்புடையோர் செய்யவேண்டியவை. கொளுக்கிப் புழுக் காலத்தில் மருந்துக்குத் துணையாக மலசலகூடம் வேண்டப்பட்டது. இன்று இவ்விரண்டும் வேண்டப்படுகின்றன.